பழைய டிராக்டருக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எடுப்பது எப்படி

எங்கள் கொட்டகையில் இரண்டு டிராக்டர் நிற்கின்றன. ஒன்று, அப்பா 1984-ல் நிலவள வங்கிக் கடனில் வாங்கிய மாஸி பெர்குசன் 1035. இன்னொன்று, தென்னைக்கும் வாழைக்கும் இடையில் புகுந்து வருவதற்காக நான் வாங்கிய 18.5 ஹெச்.பி. மித்சுபிஷி சக்தி. குமரி மாவட்டத்தில் தேரூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் வயலும் ஒரு சின்னத் தோப்பும் உண்டு. அப்பா 2019-ல் போனபிறகு எல்லாம் என் கைக்கு வந்தது. மாஸியின் இன்சூரன்ஸ் மட்டும் அப்பாவோடு முடிந்துபோனது எனக்குத் தெரியவில்லை.

2021 கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுப்பு. வைக்கோல் ஏற்றிய டிரெய்லரோடு எங்கள் டிரைவர் அண்ணன் குளத்துக்கரை ரோட்டில் வந்துகொண்டிருந்தார். மசங்குகிற நேரம். டிரெய்லரின் பின்பக்கம் ரிஃப்ளெக்டர் கிடையாது, இருந்த சிவப்பு விளக்கையும் வைக்கோல் மூடிவிட்டது. பின்னால் பைக்கில் வந்த பையன் மோதி விழுந்தான். மணிக்கட்டும் தோள் எலும்பும் உடைந்தன. ஆஸ்பத்திரிச் செலவு, மூன்று மாதம் அவன் வேலைக்குப் போக முடியாத கணக்கு எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய். என் வளையலைக் கூட்டுறவு சங்கத்தில் அடகு வைத்துக் கொடுத்தேன். அந்தப் பையனின் அம்மா ஒரு வார்த்தைகூடக் கடுமையாகப் பேசவில்லை. உயிர் போயிருந்தால் மூன்று ஏக்கரையும் விற்றிருந்தாலும் காணாது என்பது அன்று ராத்திரிதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு நான் அலைந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். பழைய வண்டியோ சின்ன வண்டியோ வைத்திருக்கும் யாருக்கும் உதவும்.

முதலில், எந்த பாலிசி வேண்டும் என்பதில் தெளிவாக இருங்கள். நாற்பது வருஷத்து வண்டிக்கு நம் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்துத் தரும் முழு பேக்கேஜ் பாலிசி கேட்டால், வண்டிக்கு மதிப்புப் போடுவதிலேயே பேச்சு இழுபடும். நமக்குக் கட்டாயம் வேண்டியது லயபிலிட்டி மட்டும் உள்ள பாலிசி. ஊரில் தேர்ட் பார்ட்டி என்றும், பழைய ஆட்கள் ஆக்ட் பாலிசி என்றும் சொல்வார்கள். நம் வண்டியால் வெளியாளுக்கு உயிர்ச்சேதமோ காயமோ ஏற்பட்டால், தீர்ப்பாயம் விதிக்கும் நஷ்டஈட்டைக் கம்பெனி கொடுக்கும். அதற்கு உச்சவரம்பு கிடையாது. அடுத்தவர் மதில், கடை, வண்டி போன்ற பொருள் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை. நம் டிராக்டருக்கு ஏற்படும் சேதத்துக்கு ஒரு பைசா கிடைக்காது. அதைத் தெரிந்தே எடுக்க வேண்டும்.

"வயலுக்குள்ளேயே ஓடுகிற வண்டிக்கு எதற்கு?" என்று எங்கள் ஊரில் கேட்காத ஆளில்லை. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு, பொது இடத்தில் ஓடும் வண்டிக்கு இந்த இன்சூரன்ஸ் கட்டாயம் என்கிறது. பொது இடம் என்றால் தார் ரோடு மட்டும் என்று நினைக்கக்கூடாது. பொதுமக்கள் வந்துபோக உரிமையுள்ள எந்த இடமும் அதில் சேரும். நம் பக்கத்தில் எந்த வயலுக்கும் ரோட்டைக் கடக்காமல் இறங்க முடியாது. இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த தடவை அபராதம் 4,000. அபராதத்தைக் கட்டிவிடலாம். அடிபட்டவருக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

அடுத்தது விலை. இதில் நான் மூன்று கம்பெனி ஏறி இறங்கி நேரத்தை வீணாக்கினேன். தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒரே தொகைதான். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பில், 6 ஹெச்.பி. வரையுள்ள விவசாய டிராக்டருக்கு 910 ரூபாய், அதற்கு மேல் உள்ளதற்கு 7,267 ரூபாய். ஜிஎஸ்டி தனி. இடையில் வேறு படி கிடையாது. அதனால் என் 18.5 ஹெச்.பி. குட்டி வண்டிக்கும் 50 ஹெச்.பி. வண்டிக்கும் ஒரே பிரீமியம். பழசு என்பதற்காகக் குறையவும் செய்யாது, கூடவும் செய்யாது. மூன்று ஏக்கர்க்காரிக்கு இது பாரமான தொகை என்று எனக்கும் மனத்தாங்கல் உண்டு. ஆனால் யாராவது பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் உஷாராகுங்கள். ஒன்று அது வேறு வகை வண்டி என்று எழுதின பாலிசியாக இருக்கும், இல்லையென்றால் போலியாக இருக்கும்.

விலை எங்கேயும் ஒன்று என்பதால், பேசிப் புரியவைக்கக்கூடிய ஆள் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்தைத் தேடுங்கள். செல்போனில் எடுக்கப் பார்த்தேன். காரும் பைக்கும்தான் முன்னால் நிற்கும்; டிராக்டரை எங்கேயோ கமர்ஷியலுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் பட்டியலில் என் மாடலும் இல்லை, 1984-ம் இல்லை. நேரில் போவதுதான் சரி. நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியண்டல், நேஷனல் ஆகிய நான்கும் அரசுக் கம்பெனிகள்; பழைய வண்டிக்கு அவற்றிலிருந்து தொடங்கலாம். ஒரு சூட்சுமம்: கவுன்டரில் வெறுமனே டிராக்டர் இன்சூரன்ஸ் என்று சொல்லாமல், "மிஸலேனியஸ் கிளாஸ் டி, அக்ரிகல்ச்சர் டிராக்டர், லயபிலிட்டி ஒன்லி" என்று சொல்லுங்கள். சரியான மேஜைக்கு உடனே அனுப்புவார்கள்.

ஆனால் அலுவலகத்துக்குப் போவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பழைய வண்டிக்காரர்கள் தடுக்கி விழுவதெல்லாம் இங்கேதான்.

எங்கள் மாஸி, 1989 ஜூலையில் புதிய சட்டம் வருவதற்கு முன்பே பதிவான வண்டி. நம்பர் இப்போதைய நாகர்கோவில் வண்டிகள்போல டிஎன் 74 என்று தொடங்காது. புத்தகம் முழுக்கக் கையெழுத்து. இப்படிப்பட்ட வண்டிகளின் விவரம் ஆர்.டி.ஓ. கம்ப்யூட்டரில் ஏறாமலே இருக்கலாம். ஏறாவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டரிலும் வராது. எம்பரிவாகன் என்ற அரசு செல்போன் செயலியில் உங்கள் நம்பரைப் போட்டுப் பாருங்கள். ஒன்றும் வரவில்லையென்றால் நாகர்கோவில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், மேற்கே உள்ளவர்கள் மார்த்தாண்டத்தில், பழைய பதிவை ஏற்றித்தரச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். அங்கே பேக்லாக் என்று சொன்னால் புரியும்.

மனு கொடுக்குமுன் எஞ்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் வண்டியில் உள்ளபடி ஒத்துப் பாருங்கள். எங்கள் வண்டியில் நம்பர் இருந்த இடத்தில் எண்ணெயும் வயல் சேறும் சேர்ந்து விரல் கனத்துக்கு அடை பிடித்திருந்தது. டிரைவர் அண்ணன் டீசலில் நனைத்த துணியை அதன்மேல் ஒட்டிவைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். வந்து கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். வெள்ளைத்தாளை எண்களின்மேல் அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து மெல்ல உரசியபோது ஒவ்வொரு எண்ணாக எழும்பி வந்தது. ஆர்.சி.யில் 3 என்று எழுதியிருந்த இடத்தில் தாளில் 8 நின்றது. 37 வருஷமாக யாரும் பார்க்காத பிழை. அதை அப்படியே பாலிசியில் ஏற்றியிருந்தால், விபத்து நடந்த அன்று "இது வேறு வண்டி" என்று ஒரு வக்கீல் நின்று வாதாட இடம் கொடுத்திருக்கும். பென்சில் பிரிண்டைக் காட்டி முதலில் அதைத் திருத்தினேன். உங்கள் வண்டியிலும் இந்த ஒரு மணி நேர வேலையைச் செய்துவிடுங்கள், சோம்பல்படாதீர்கள்.

ஆர்.சி.யின் காலத்தையும் பாருங்கள். விவசாய டிராக்டர் போக்குவரத்து வாகனம் ஆகாது. முதல் பதிவு 15 வருஷம், அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகும் வழிக்கே இன்சூரன்ஸ் வேண்டும். அதனால் நான் இன்சூரன்ஸை முதலில் முடித்து, மறுவாரம் வண்டியைக் காட்டினேன்.

பெயர்தான் பெரிய சிக்கல். இறந்தவர் பெயரில் பாலிசி எடுத்து வைத்திருப்பது எங்கள் ஊரில் சகஜம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நான் இரண்டு வருஷம் பிந்திப்போனேன். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், என் தம்பியிடம் வாங்கிய சம்மதக் கடிதம் மூன்றையும் கொண்டுபோய்க் கிளை மேலாளரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் என் பெயரிலேயே பாலிசி கொடுத்தார்; பெயர் மாறியதும் புது ஆர்.சி. நகலைக் கொண்டுவரச் சொன்னார். கடன் அடைத்தும் ஆர்.சி.யில் நிலவள வங்கியின் பெயர் நின்றது. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து அதையும் எடுத்துவிட்டேன். வண்டியை விலைக்கு வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை: விற்றவரின் இன்சூரன்ஸ் வண்டியோடு வந்துவிடும் என்பது சரிதான், ஆனாலும் 14 நாளுக்குள் கம்பெனியில் பெயர் மாற்றக் கேட்டுவிட வேண்டும்.

கையில் வேண்டியவை: ஆர்.சி., பழைய பாலிசி இருந்தால் அது, ஆதார், பான் கார்டு. 2023 ஜனவரி முதல் அடையாளச் சான்று இல்லாமல் யாருக்கும் பாலிசி கிடையாது.

சரி, இப்போது கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இங்கே உண்மையைச் சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது. வண்டியை என்ன வேலைக்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

விவசாய டிராக்டர் பாலிசியில், பயன்பாட்டு வரம்பு என்ற வரியில், விவசாய வேலைக்கு மட்டும் என்று இருக்கும். நம் மாவட்டத்தில் டிராக்டர் என்னவெல்லாம் செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முதல் போகமான கன்னிப்பூவுக்கும் அடுத்த கும்பப்பூவுக்கும் தொழி உழவு, அதாவது சேற்று உழவு. மற்ற நாளில் பக்கத்து வயலுக்கு வாடகை உழவு. அப்புறம் சூளைக்கு மண், கட்டடத்துக்குச் செங்கல், கோயில் கொடைக்கு ஜெனரேட்டர், சர்ச் திருவிழாவுக்குச் சப்பரம். இதில் எது பாலிசிக்குள் வரும், எது வராது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். செங்கல் சூளைக்கு மண் அடித்த டிராக்டரின் டிரெய்லரில் இருந்த தொழிலாளிக்கு அடிபட்ட வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. விவசாயத்துக்கென்று எடுத்த பாலிசியில் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று 2007-ல் தீர்ப்பு வந்தது. தொழிலாளி ஏழை என்பதால் முதலில் கம்பெனி பணம் கொடுக்கட்டும், அப்புறம் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னார்கள். பிரீமியமும் கட்டி, நஷ்டஈட்டையும் கட்டும் நிலைமை அது. நான் கேட்டபிறகு மண் அடிப்பதை விட்டுவிட்டேன். வாடகை உழவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, அவர்கள் சொன்னதை எழுத்தில் வாங்கினேன்.

டிரெய்லர் தனி வண்டி. டிராக்டருக்குப் பாலிசி எடுத்தால் டிரெய்லரும் சேர்ந்தது என்று எண்ணாதீர்கள். அதன் நம்பரைக் கொடுத்து, அதற்குரிய கூடுதல் பிரீமியம் கட்டி, பாலிசியில் சேர்க்க வேண்டும். டிராக்டருக்கு இருந்து டிரெய்லருக்கு இல்லாத வழக்குகள் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வருஷக்கணக்காக இழுத்திருக்கின்றன. என் பையன் மோதியதும் டிரெய்லரில்தான். என் பையன் என்று வாய் தவறி எழுதுகிறேன், இப்போது அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டான்.

மட்கார்டில் ஆள் ஏற்றுவதை நிறுத்துங்கள். டிராக்டரில் டிரைவருக்கு மட்டும்தான் இருக்கை. நடவுக்கு வரும் அக்காமார் இரண்டு பேர் மட்கார்டிலும் நாலு பேர் டிரெய்லரிலும் உட்கார்ந்து போவது நம் கண்ணுக்குப் பழகின காட்சி. விழுந்தால் அவர்கள் இந்தப் பாலிசிக்கு வெளியே நிற்பார்கள். நான் இப்போது ஆட்டோ பிடித்துத்தான் அனுப்புகிறேன். சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கு, சிறு தொகை கூடுதலாகக் கட்டினால் லயபிலிட்டி கவர் உண்டு. கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள். நீங்களே ஓட்டுபவர் என்றால், உரிமம் இருந்தால், 15 லட்சத்துக்கான கட்டாய விபத்துக் கவர் சேரும்.

டிரைவரின் உரிமத்தையும் வாங்கிப் பாருங்கள். 7,500 கிலோவுக்குள் எடையுள்ள டிராக்டர், எல்.எம்.வி. என்ற இலகு ரக வாகன உரிமத்துக்குள் அடங்கும். எங்கள் அண்ணனுக்கு உரிமம் காலாவதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது, அவருக்கே தெரியாது.

பணம் கட்டுவதில் ஒரு விஷயம். பிரீமியம் கம்பெனியின் கணக்குக்குப் போய்ச் சேராமல் பொறுப்பு தொடங்காது. 1938-ம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 64 விபி பிரிவு அது. அடுத்த வருஷம் மினி டிராக்டருக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒருவரிடம் பணத்தைக் கையில் கொடுத்தேன். பதினோரு நாள் கழித்துத்தான் பாலிசி வந்தது. தொடங்கும் தேதியும் அந்தப் பதினோராவது நாள். இடையில் வண்டி தினமும் ரோட்டில் ஓடியிருக்கிறது. நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. கம்பெனி பெயருக்கே கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். பாலிசியில் தேதி மட்டும் பார்க்காமல் எத்தனை மணியிலிருந்து என்று பாருங்கள். அந்த மணி வரைக்கும் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பாலிசி கைக்கு வந்ததும் அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். பெயர், வண்டி நம்பர், எஞ்ஜின், சேஸிஸ், ஹெச்.பி., டிரெய்லர் நம்பர், பயன்பாட்டு வரி. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். சில நாள் கழித்து எம்பரிவாகனில் இன்சூரன்ஸ் தேதி மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய வண்டிக்குத் தரமாட்டோம் என்று திருப்பி அனுப்பினால் வாக்குவாதம் வேண்டாம். மனுவை எழுதிக் கொடுத்து, மறுக்கும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எனக்கு ஒரு இடத்தில் அப்படிக் கேட்டவுடனேயே படிவம் வந்தது. அப்படியும் நடக்காவிட்டால், இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார்ப் பிரிவில், 155255 என்ற எண்ணில், புகார் சொல்லலாம். பணம் வாங்கிக்கொண்டு பாலிசி தராமல் இழுத்தால், முதலில் கம்பெனிக்கு எழுதி, ஒரு மாதம் பார்த்துவிட்டு, சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு)ப் போகலாம்.

என் தம்பி மகன் மாஸியை விண்டேஜாகப் பதிவு செய்யலாமா என்று கேட்டான். 2021-ல் வந்த விண்டேஜ் விதி, 50 வருஷம் தாண்டிய இரு சக்கர வண்டிக்கும் காருக்கும் உரியது. அந்தப் பதிவில் தினசரி ஓட்டவும் கூடாது. உழுகிற டிராக்டருக்கு அது பொருந்தாது. சாதாரணப் பதிவும் சாதாரண தேர்ட் பார்ட்டியும் போதும்.

விபத்து நடந்துவிட்டால், 108-க்குக் கூப்பிட்டு ஆளைக் காப்பாற்றுவது முதல் வேலை. அப்புறம் போலீசில் பதிய வேண்டும், அன்றே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கம்பெனியின் சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொண்டோ பணம் தருகிறேன் என்றோ எழுதிக் கொடுத்தால் பாலிசியின் நிபந்தனை மீறப்படும். அதற்காக அடிபட்டவரைப் பார்க்கப் போகாமல் இருக்க வேண்டாம். பழமும் பாலும் வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருவதை எந்த நிபந்தனையும் தடுக்காது.

இரண்டு வண்டிக்கும் பாலிசியை மே மாதத்தில் முடிகிற மாதிரி அமைத்துக்கொண்டேன். ஜூன் 1-ம் தேதி பேச்சிப்பாறை அணை திறப்பது வழக்கம். கால்வாயில் தண்ணீர் வந்தால் எல்லா டிராக்டரும் ரோட்டில் இறங்கிவிடும், அப்போது நாகர்கோவிலுக்கு ஓட யாருக்கும் நேரம் இருக்காது. பாலிசி நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சீட்டுக்குப் பின்னால் உள்ள டூல் பாக்ஸில் வைத்திருக்கிறோம். டிரெய்லரின் பின்னால் இரண்டு பக்கமும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டியாயிற்று. வைக்கோல் ஏற்றினால் விளக்கு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அண்ணன் வண்டியை எடுக்கிறார்.